எட்டாம் நம்பர் மெஷினில் ஒரு வாசல்

கீபோர்டைக் கவிழ்த்துப் பிடித்து இரண்டு தட்டு தட்டிப் பாருங்கள், சார். ஒரு ஊரில் எப்படிப்பட்ட மனுசர்கள் இருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. முறுக்குத் தூள், தலைமுடி, கடித்துத் துப்பிய நகம், பாக்குத் துணுக்கு எல்லாம் கொட்டும். ஒருமுறை ஒரு பால்பல் விழுந்தது. விளையாட வந்த பிள்ளை ஆட்ட மும்முரத்தில் பல் விழுந்ததைக்கூடக் கவனிக்காமல் போயிருக்கிறது. அதைக் காகிதத்தில் எடுத்து வெளியே போட்ட பிறகும் எனக்கு அன்று மத்தியானம் சாப்பாடு இறங்கவில்லை.

நீங்கள் கேட்டதற்குத்தான் வருகிறேன். எதையும் மறைக்கிற எண்ணம் இல்லை. டீ வேண்டாம். அந்தக் கிளாஸை நீங்களே ஒருமுறை வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள்.

என் பெயர் ஆரோக்கியஜோசப். வீடு கோவில்பத்தில். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்சந்தில் எட்டு கம்ப்யூட்டர் வைத்து பிரவுசிங் சென்டர் நடத்துகிறேன். அப்பா அம்மா இருவரும் போன பிறகு தங்கை ஜெனிஷாவை நான்தான் படிக்க வைத்தேன். பி.காம். முடித்ததும் கடையில் கவுன்டரில் உட்கார வைத்தேன். வெளியே எங்கோ போய் எவனெவனோடோ இடிபட்டுக்கொண்டு வேலை பார்ப்பதற்கு, நம் கண்முன்னே ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்திருக்கட்டும் என்று நினைத்தேன். கல்யாணமும் நல்ல இடமாகப் பார்த்துச் செய்துவிட வேண்டும் என்பதுதான் எனக்கிருந்த ஒரே கவலை. நான் இன்னும் கல்யாணம் செய்துகொள்ளாததும் அதனால்தான்.

மற்ற கடைக்காரர்கள் எல்லாம் விண்டோஸ் போட்டு ஓட்டிக்கொண்டிருந்தபோது நான் எட்டு மெஷினிலும் லினக்ஸ் போட்டேன். எவனோ ஒருவன் எங்கெங்கோ செருகிய பென்டிரைவைக் கொண்டுவந்து செருகினால் போதும், விண்டோஸுக்குச் சீக்கு வந்துவிடும். லினக்ஸுக்கு அந்தத் தொல்லை கிடையாது. ஆனால் நம் ஊர்ப் பையன்கள் லினக்ஸைப் பார்க்கவா வருகிறார்கள்? அவர்களுக்குக் கார் ரேஸ் வேண்டும், துப்பாக்கிச் சண்டை வேண்டும். அதெல்லாம் விண்டோஸில்தான் ஓடும். அதனால் லினக்ஸுக்குள் ஒரு விர்ச்சுவல் மெஷின் வைத்து, அதற்குள் விண்டோஸை உட்கார வைத்தேன். ஒரு ஜன்னலுக்குள் இன்னொரு கம்ப்யூட்டர் ஓடுகிற மாதிரி. தான் ஒரு ஜன்னலுக்குள் இருக்கிறோம் என்பது அந்த விண்டோஸுக்குத் தெரியாது. முழு மெஷினும் தன்னுடையது என்று நினைத்துக்கொண்டு ஓடும்.

கொஞ்சம் மெதுவாகத்தான் ஓடும். புது விளையாட்டுகள் நொண்டும். பழைய கார் ரேஸ் நன்றாக ஓடும். இதில் இன்னொரு வேடிக்கை, விளையாடும்போது மவுஸ் அந்த ஜன்னலுக்குள் மாட்டிக்கொள்ளும். வெளியே கொண்டுவர வலது பக்கத்து கன்ட்ரோல் பட்டனை அழுத்த வேண்டும். அது யாருக்கும் தெரியாது, நானும் சொல்ல மாட்டேன். "அண்ணே, மவுசு மாட்டிக்கிச்சுண்ணே" என்று கத்துவான்கள். நான் போய் விரல் நுனியால் ஒரு அழுத்து அழுத்திவிட்டு வந்து கை கழுவுவேன்.

எனக்கு அதில் மிகவும் பிடித்தது ஸ்னாப்ஷாட். உள்ளே இருக்கிற விண்டோஸ் சுத்தமாக இருக்கிறபோது அதை அப்படியே ஒரு படம் மாதிரி எடுத்து வைத்துக்கொள்ளலாம். சாயந்திரம் கடை மூடும்போது பழைய நிலைக்குத் திருப்பு என்று ஒரு சொடுக்கு. அன்றைக்கு வந்தவன் போனவன் எல்லாரும் உள்ளே போட்டு வைத்த அழுக்கு, அசிங்கப் படம், வைரஸ், பாதியில் விட்ட ஆட்டம் எல்லாம் இல்லாமல் போய்விடும். யாரும் வரவே இல்லை என்கிற மாதிரி மெஷின் மறுநாள் காலையில் எழுந்து நிற்கும். எட்டு மெஷினுக்கும் அதைச் செய்துவிட்டு ஷட்டரை இறக்கும்போது எனக்கு மனசு அவ்வளவு நிம்மதியாக இருக்கும், சார். ஆற்றில் குளித்து எழுந்த மாதிரி.

அன்பழகன் வந்தது போன ஆடி மாசம். காரைக்கால்மேட்டுக்காரன். கோவிந்தராசு என்பவருடைய விசைப்படகில் டிரைவர். கடைக்குள் கால் வைத்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. கருவாட்டு நாற்றமும் டீசல் நாற்றமும் கலந்து ஒன்று வருமே, அது ஏசி இல்லாத எட்டுக்குப் பத்து அறையில் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். கையில் ஒரு ஜிபிஎஸ், ஒரு வயர், ஒரு சிடி.

"அண்ணே, இதுல இருக்குற பாயிண்டெல்லாம் ஒரு காப்பி எடுத்து வச்சுக்கணும்ணே. திடீர்னு செத்துப் போச்சுன்னா நாங்க எங்கன்னு போயி தேடுறது?"

மீன் கிடைக்கிற இடம், வலை மாட்டுகிற பாறை, கரைக்குத் திரும்புகிற வழி எல்லாம் அந்தக் கையளவு கருவியில் இருக்கும். அதைத்தான் பாயிண்ட் என்கிறார்கள். ஒவ்வொரு டிரைவரும் தன் பாயிண்டை மற்ற படகுக்காரனுக்குக் காட்ட மாட்டான், பொண்டாட்டியின் நகையைப் போல மறைத்து வைப்பான். அப்படியானால் என்னிடம் எதற்குக் கொண்டுவந்தாய் என்று கேட்டேன். அவன் சிரித்தான்.

"கடல்காரன்கிட்ட குடுத்தா பாயிண்ட சுட்டுருவான்ணே. உங்களுக்கு மீனுன்னாலே ஆவாதுன்னு சந்து பூரா பேச்சு. அதான் உங்ககிட்ட வந்தேன்."

இப்படி ஒரு கணக்கு அவன் போட்டான். நான் என்ன சொல்ல? அந்த சிடியில் இருந்த சாஃப்ட்வேர் விண்டோஸில்தான் ஓடும் என்பதால் எட்டாம் நம்பர் மெஷினின் விர்ச்சுவல் மெஷினில் போட்டுக் கொடுத்தேன். பாயிண்டுகள் ஏறின. அந்த சாஃப்ட்வேரைத் திரும்பத் திரும்பப் போட வேண்டாமே என்று, எல்லாம் ஏறின நிலையிலேயே அன்று ஒரு புது ஸ்னாப்ஷாட் எடுத்தேன். அவனுடைய அந்த ஆடி மாசத்துப் பாயிண்டுகளும் அதற்குள் தங்கிவிட்டன. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

காப்பி ஏறுகிற நேரத்தில் அவன் கார் ரேஸ் ஆடிப் பார்த்தான். அதோடு பிடித்துக்கொண்டான். கடலுக்குப் போகாத நாளெல்லாம் எட்டாம் நம்பரில்தான் இருப்பான். வலைக்கயிறு இழுத்துக் காய்த்துப்போன விரல்களால் என் கீபோர்டை அடிப்பான். அவன் எழுந்து போனதும் கீபோர்டைத் தட்டினால் மீன் செதிள் விழும். பளபளவென்று ஒன்றிரண்டு. நான் அதை ஊசியால் எடுப்பேன். எடுத்த பிறகும் அங்கேயே இருக்கிற மாதிரி இருக்கும்.

சாதி பார்க்கிறவன் நான் இல்லை, சார். அதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். மதமும் பார்க்கிறவன் இல்லை. எல்லாரும் ஆண்டவர் பிள்ளைகள் என்று சின்ன வயதில் கோயிலில் சொல்லிக்கொடுத்ததை இன்றைக்கும் நம்புகிறேன். என் சங்கடம் எல்லாம் மூக்கோடு சரி.

மார்கழி பிறந்த சமயத்தில் ஒரு சாயந்திரம், வழக்கம்போல எட்டாம் நம்பரைப் பழைய நிலைக்குத் திருப்பப் போனேன். பட்டியலில் நான் எடுக்காத ஒரு ஸ்னாப்ஷாட் இருந்தது. பாஸ்வேர்டு எனக்கும் ஜெனிஷாவுக்கும் மட்டும்தான் தெரியும். திறந்து பார்த்தேன். கார் ரேஸ் அப்படியே பாதியில் நின்றது. எல்லாக் காரும் ஜெயித்து வாங்கியாகிவிட்டது. ஜெயித்தவர் பெயர் போடுகிற இடத்தில் மேலிருந்து கீழ்வரை ஒரே பெயர், ஜெனி, ஜெனி, ஜெனி. அவன் தன் பெயரைப் போட்டிருந்தால்கூட நான் சும்மா விட்டிருப்பேன்.

கவுன்டரில் அவள் அன்றைய சில்லறையை அடுக்கிக்கொண்டிருந்தாள். கேட்டேன். அவள் ஒன்றும் தடுமாறவில்லை.

"நான்தாண்ணே எடுத்து வச்சேன். தெனம் நீ அழிச்சு அழிச்சு விடுற. அவரு ஒவ்வொரு தடவையும் மொதல்லேருந்து ஆடுறாரு, பாவம்."

"அவரு" என்றாள். மவுஸ் மாட்டினால் அவன் என்னைக் கூப்பிடாமலே இருந்தது அப்போதுதான் உறைத்தது. வலது பக்கத்து பட்டனை அவள் சொல்லிக் கொடுத்திருக்கிறாள்.

"எத்தன நாளா?"

"ஆவணிலேருந்து. ஒன்கிட்ட நானே சொல்லணும்னுதாண்ணே இருந்தேன். தை பொறந்ததும் ரிஜிஸ்தர் பண்ணிக்கலாம்னு இருக்கோம். அவரு வீட்டுல சரின்னுட்டாங்க. நீதான் சொல்லணும்."

"அந்த நாத்தத்துலயா போய்க் குடித்தனம் பண்ணப் போற?"

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "அவரு இங்க வர்றதுக்கு முன்னாடி குளிச்சு, சந்தன சோப்பு போட்டுட்டுத்தாண்ணே வர்றாரு. ரெண்டு மாசமா அப்படித்தான். பக்கத்துல நிக்கிற எனக்கே ஒண்ணும் வரல. தள்ளி ஒக்காந்திருக்குற ஒனக்கு எப்படிண்ணே அடிக்குது?"

சிலருக்கு மூக்கு அப்படி, அவ்வளவுதான்.

எடுத்தோம் கவிழ்த்தோம் என்று எதையும் செய்கிறவன் இல்லை நான். பெண் வீட்டுக்காரன் என்ற முறையில் போய் வீட்டைப் பார்க்க வேண்டும் என்று அந்த ஞாயிற்றுக்கிழமை காரைக்கால்மேட்டுக்குப் போனேன். ஏலம் முடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. மண்ணெல்லாம் மீன் கழுவிய தண்ணீர், காக்கை, நாய். சுனாமிக்குப் பிறகு கட்டிக் கொடுத்த சின்ன வீடு. அவன் அம்மா கனகாம்பாள், ஏலத்தில் எடுத்து டவுனில் கொண்டுபோய் மீன் விற்கிறவள், என்னைக் கண்டதும் பதறிப்போய் முந்தானையால் நாற்காலியைத் துடைத்தாள். அந்த முந்தானையில் என்ன இருந்தது என்று நான் பார்த்தேன்.

"வாங்க தம்பி, உக்காருங்க. தங்கச்சிய எம் பொண்ணாட்டம் வச்சுக்குவேன் தம்பி. ஞாயித்துக்கிழமையான அது கோயிலுக்குப் போவட்டும், யாரு கேக்கப்போறா? மீன் வேலையெல்லாம் அது தொட வேணாம், நான் பாத்துக்குறேன். இருங்க, வவ்வா மீனு வறுத்துருக்கேன், ஒரு வாய் தின்னுட்டுப் போவணும்."

தின்றேன், சார். ஒருவர் வீட்டுக்குப் போனால் மரியாதை தெரிய வேண்டும். நன்றாக இருக்கிறது என்றும் சொன்னேன். திரும்பி வருகிற வழியில் பைக்கை நிறுத்திவிட்டு வேலியோரமாக வாந்தி எடுத்தேன். அந்த வீட்டு அடுப்பங்கரையில் என் தங்கை உட்கார்ந்து அரிவாள்மனையில் மீன் அறுக்கிற மாதிரி கண்முன்னே வந்துகொண்டே இருந்தது. நான் வளர்த்த பிள்ளை. தலைக்குச் சீயக்காய் அரைத்துத் தேய்த்துவிட்ட கை இது. அந்தத் தலை மயிரில் அந்த வாடை ஏறப்போகிறது என்று நினைத்தால் என்னால் தாங்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்து, எனக்குச் சம்மதம் என்று சொல்லிவிட்டேன்.

ஜெனிஷா அழுதாள். "நீ எப்படியும் ஒத்துக்குவன்னு தெரியும்ணே" என்று என் தோளைப் பிடித்துக்கொண்டாள். கிறிஸ்துமஸுக்கு அவள் வாசலில் நட்சத்திரம் கட்டினாள், அன்பழகன் ஏணியில் ஏறிப் பிடித்துக் கொடுத்தான். நான் குடில் வைத்தேன். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு நல்ல குடும்பம். இடையில் ஏதாவது நடந்து இது தானாக நின்றுபோகும் என்று எதிர்பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. நல்ல பையன், சார். குடிப்பதில்லை. அதுதான் சிரமம். வேண்டாம் என்று சொல்ல வேறு காரணம் எதுவும் கிடைக்கவில்லை.

கிறிஸ்துமஸ் முடிந்த பிறகு ஒருநாள் அவன் ஜிபிஎஸ்ஸோடு வந்தான். உள்ளே இருக்கிற பேட்டரி போய்விட்டது, நாகப்பட்டினத்தில் மாற்றப் போகிறேன், மாற்றினால் பாயிண்ட் எல்லாம் அழிந்துவிடும், அதற்கு முன்னால் காப்பி எடுத்து வைக்க வேண்டும் என்றான். ஜெனிஷாதான் எட்டாம் நம்பரில் அவளுடைய ஸ்னாப்ஷாட்டிலேயே எல்லாவற்றையும் ஏற்றி, அதையே புதுப்பித்து வைத்தாள். நான் பக்கத்தில் நின்றேன். அவனே எனக்கு விளக்கிச் சொன்னான், மச்சானாகப் போகிறவனுக்குத் தொழிலைச் சொல்லித் தருகிற ஆசை.

"இது பாருங்கண்ணே, வாசல். ஆத்து மொகத்துல படகு உள்ள வர்ற எடம். மழைக்கு அப்புறம் மணலு தள்ளிருச்சு. நானே கயிறு விட்டு ஆழம் பாத்து புது எடத்துல பாயிண்ட் போட்டிருக்கேன். பழைய எடத்துல வந்தா மணல் தட்டும், அல தூக்கி நேரா கல்லுல கொண்டாந்து அடிச்சிரும்."

"அப்ப பழையதுக்கு வேற பேரு வச்சிருக்கியா?" என்று கேட்டேன். சாதாரணமாகத்தான் கேட்டேன்.

"எதுக்குண்ணே? ஆத்துக்கு இருக்குறது ஒரு வாசல்தான. மணலு தள்ளத் தள்ள அதுமேலயே மாத்தி மாத்திப் போட்டுக்குவோம். எல்லாப் படகுலயும் அப்படித்தான்."

அன்று இரவு நான் நன்றாகத் தூங்கினேன். இதைச் சொல்லக் காரணம், நான் ஏதோ குமுறிக்கொண்டு கிடந்தேன் என்று நீங்கள் எழுதிவிடக் கூடாது.

பேட்டரி மாற்றி, கழுவிவிட்ட பலகை மாதிரி ஒன்றுமில்லாத கருவியோடு அவன் மறுபடி வந்தான். மறுநாள் தொழிலுக்குப் போக வேண்டும், பாயிண்டை ஏற்றிக் கொடுங்கள் என்றான். ஜெனிஷா எழுந்தாள். நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அவளை உட்காரச் சொன்னேன். அவனிடம், ஆறாம் நம்பரில் புதிதாக ஒரு கார் ரேஸ் போட்டிருக்கிறேன், போய் ஓட்டிப் பார், காசு வேண்டாம் என்றேன். அதுவரை நான் அவனிடம் அன்பாகச் சொன்ன ஒரே வார்த்தை அதுதான். அவன் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. சின்னப் பிள்ளை மாதிரி ஓடிப்போய் உட்கார்ந்தான்.

எட்டாம் நம்பரில் இரண்டு ஸ்னாப்ஷாட் இருந்தன. என்னுடையது ஆடி மாசத்தது. அவளுடையது புதியது. நான் என்னுடையதற்குத் திருப்பினேன். தினமும் சாயந்திரம் செய்கிற அதே வேலை, அதே சொடுக்கு. உள்ளே விண்டோஸ் எழுந்தது. அதற்கு மழை பெய்ததும் தெரியாது, மணல் தள்ளியதும் தெரியாது. ஆடி மாசத்துப் பாயிண்டுகளை வரிசையாக வைத்துக்கொண்டு நின்றது. அதில் வாசலும் இருந்தது. வயரைச் செருகி எல்லாவற்றையும் கருவியில் ஏற்றினேன். பிறகு அவளுடைய ஸ்னாப்ஷாட்டுக்கே மெஷினைத் திருப்பி வைத்தேன்.

ஆறாம் நம்பரிலிருந்து கார் மோதுகிற சத்தமும் அவன் சிரிப்பும் கேட்டுக்கொண்டிருந்தது. "அண்ணே, வளைவுல நொண்டுதுண்ணே" என்றான். விர்ச்சுவல் மெஷினில் அப்படித்தான் இருக்கும், பழகிவிடும் என்றேன்.

"ஏத்தியாச்சாண்ணே?" என்று ஜெனிஷா கவுன்டரிலிருந்து கேட்டாள்.

"ஏத்தியாச்சு."

அவன் கருவியை வாங்கி ஒரு தடவை பட்டியலை ஓட்டிப் பார்த்தான். பெயர்கள் எல்லாம் சரியாக இருந்தன. அதற்குமேல் பார்க்கவில்லை. இடத்தைக் குறிக்கிற எண்களைப் பார்த்திருந்தால் கடைசி இலக்கங்கள் மாறியிருப்பது தெரிந்திருக்கும், ஆனால் வீட்டு வாசலின் அளவை யார் தினமும் எடுத்துப் பார்க்கிறார்கள்? "ரொம்ப தாங்ஸுண்ணே" என்று கையை நீட்டினான். நான் கை கொடுத்தேன். முதல் தடவை. சந்தன சோப்பு வாசனை வந்தது, உண்மைதான். ஆனாலும் போய்க் கை கழுவினேன்.

இதுவரை சொன்னதை வைத்து, கை தவறிவிட்டது என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். இரண்டு ஸ்னாப்ஷாட், ஒன்றுக்குப் பதிலாக இன்னொன்று, யாருக்கும் நடக்கும். என் வக்கீலும் அதைத்தான் சொல்லச் சொல்வார். அதனால் இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

படகில் போனவர்கள் போகிறபோது வெளிச்சத்தில் கண்ணால் பார்த்தே வாசலைத் தாண்டியிருப்பார்கள். அவர்கள் திரும்பி வந்த அன்று விடியுமுன் பனி கொட்டிக்கொண்டிருந்தது. எதிர்வீட்டு விளக்குக்கூடத் தெரியவில்லை. டவர் கிடைக்கிற தூரத்துக்கு வந்ததும் அவன் ஜெனிஷாவுக்குப் போன் அடிப்பது வழக்கம். அவள் சமையலறையில் காபி போட்டுக்கொண்டே பேசினாள். போனைக் கையில் பிடித்தபடி எனக்குக் காபியைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுச் சொன்னாள்: "வந்துட்டாங்களாம்ணே. பனியில வெளக்கு ஒண்ணும் தெரியலயாம். பாயிண்ட புடிச்சு உள்ள வந்துர்றோம்ங்கறாரு. நல்ல எறா கெடச்சிருக்காம், ஒனக்குத்தான் புடிக்காதுன்னு சிரிக்கிறாரு."

போன் அவள் கையில்தான் இருந்தது. எனக்கும் அதற்கும் நடுவில் ஒரு காபி டம்ளர் தூரம். ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும். என்ன வாக்கியம் என்பதுகூட எனக்குத் தயாராகத் தெரிந்திருந்தது. நான் சரி என்று தலையாட்டிவிட்டு, ஆறிவிடும் என்று காபியைக் குடித்தேன்.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். அவனோடு படகில் இருந்த மாரிக்கண்ணுவும் முத்தையனும் நீந்திக் கரையேறினார்கள். அன்பழகனைக் கல்லிடுக்கிலிருந்து எடுத்தார்கள். இளையபெருமாள் என்று இன்னொருவர், வயசாளி, மறுநாள் பிணமாகக் கரை ஒதுங்கினார். அவரைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது. அவர் என் கடைக்கு வந்ததேயில்லை. அவர் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று நான் கேட்டுக்கொள்ளவும் இல்லை.

சாவு வீட்டில் நான் எல்லாம் செய்தேன். பந்தலுக்குச் சொன்னேன், நாற்காலி இறக்கினேன். கனகாம்பாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "தம்பி, ஒங்க தங்கச்சி நெத்தியில பொட்டு வைக்கிறதுக்குள்ள இப்படி ஆயிப்போச்சே தம்பி" என்று அலறினாள். நான் கையை உருவிக்கொள்ளாமல் நின்றேன். அது எனக்கு எவ்வளவு பெரிய காரியம் என்று அங்கிருந்த யாருக்கும் தெரியாது.

அன்பழகனுக்கு வழி தப்பாது, குடித்திருந்தாலும் தப்பாது, அவன் குடிக்கிறவனும் இல்லை என்று மாரிக்கண்ணு சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறான். படகின் கேபினில் சிக்கிக் கிடந்த ஜிபிஎஸ்ஸை எடுத்து, கோவிந்தராசு நேராக ஜெனிஷாவிடம் கொண்டுவந்து கொடுத்தார். "இதுல என்ன இருக்குன்னு பாரும்மா, எங்களுக்கு வேற யாரு இருக்கா?" என்றார். காரியம் முடியாத வீட்டிலிருந்து வந்து அவள் எட்டாம் நம்பரில் உட்கார்ந்தாள். வயரைச் செருகினாள். கருவியில் இருந்த வாசலையும் மெஷினில் இருந்த வாசலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். நான் அப்போது இரண்டாம் நம்பர் திரையைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"அண்ணே, அன்னைக்கு நீ ஏத்துனது எது?"

பொய் சொல்லிப் பழக்கமில்லை எனக்கு. "ஆடி மாசத்தது" என்றேன்.

"தெரிஞ்சா?"

"தெரிஞ்சுதான்."

அவள் கத்தவில்லை, என்னை அடிக்கவில்லை. ஜிபிஎஸ்ஸை எடுத்துக் கோவிந்தராசு கையில் கொடுத்து, போலீஸுக்குப் போகலாம் என்றாள். நல்ல பிள்ளை, சார். நேர்மையான பிள்ளை. நான் அப்படித்தான் வளர்த்தேன். அவள் செய்தது சரி என்று அவளிடம் சொல்லுங்கள். எனக்கு அவள்மேல் எந்த வருத்தமும் இல்லை.

ஆமாம், கேட்கிறீர்கள் அல்லவா, தெளிவாகவே சொல்கிறேன். அன்பழகனை நான்தான் கொன்றேன். இளையபெருமாளையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். என் தங்கை அந்த வீட்டுக்கு வாழப் போகக் கூடாது என்பதற்காகச் செய்தேன். அவள் நல்லபடியாக, சுத்தபத்தமாக ஒரு இடத்தில் வாழ வேண்டும். வேறு ஒரு காரணமும் இல்லை.

இப்போது அவள் கனகாம்பாளோடுதான் இருக்கிறாளாம். காலையில் ஏலத்துக்குப் போகிறாளாம், கூடையைத் தூக்கிக்கொண்டு டவுனுக்கு வருகிறாளாம். நீங்கள் விசாரித்து முடித்து வந்து கூப்பிடுவதற்கு முந்தின நாள் பஸ் ஸ்டாண்டில் நானே பார்த்தேன். இடுப்பில் கூடை, சேலையெல்லாம் தண்ணீர். ஜெனி என்று கூப்பிட்டேன். திரும்பிப் பார்த்தாள். யாரோ வழி கேட்ட மாதிரி பார்த்துவிட்டுப் போய்விட்டாள். துக்கத்தில் இருக்கிறாள், கொஞ்ச நாளில் தெளிந்துவிடும். தெளிந்ததும் வீட்டுக்கு வந்துவிடுவாள்.

அதனால் ஒரே ஒரு உதவி கேட்கிறேன், சார். அவளைப் பார்த்தால் சொல்லுங்கள். நான் வருவதற்கு முன்னால் தரையை டெட்டால் விட்டுக் கழுவியிருக்கிறேன். படுக்கை விரிப்பு எல்லாம் வெந்நீரில் போட்டு அலசிக் காயவைத்து மடித்து வைத்திருக்கிறேன். அவள் அறை ஜன்னலைத் திறந்து வைத்திருக்கிறேன். ஒரு வாடையும் இல்லை. வீடு இவ்வளவு சுத்தமாக ஒருநாளும் இருந்ததில்லை, சார். அங்கே இப்போது யாருமே இல்லை.